முட்டை என்று வந்த கல்

போன பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு திருச்சிக்கு வந்திருந்தாள். காணும் பொங்கலன்று மாமாவும் பையனும் காரை என்ற ஊர்ப் பக்கம் சுற்றிவிட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினார்கள். பையனுக்கு 11 வயது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தான். துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தான்.

"சித்தி, டைனோசர் முட்டை."

உள்ளங்கையை நிறைக்கும் அளவில் ஒரு கல். வாத்து முட்டையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். மங்கலான பழுப்பு நிறம், ஒரு முனை கொஞ்சம் கூர்ந்தும் இன்னொன்று மொழுக்கென்றும் இருந்தது. மேலே மெல்லிய விரிசல்கள் ஓடின. உள்ளே ஏதோ முட்டி மோதி வெளியே வரப் பார்த்து, அப்படியே உறைந்துபோனது போலத்தான் தெரிந்தது. அவன் நம்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நான் நிலவியல் படித்தவள் அல்ல. வணிகவியல் படித்து, கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவள். ஆனால் பள்ளி நாளிலிருந்தே கல் பொறுக்குவேன். அதனால் குடும்பத்தில் யாருக்கு என்ன விசித்திரமான கல் கிடைத்தாலும் அது என் மேசைக்கு வந்துவிடும். வருகிற கல்லைப் பற்றி நான் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"எங்கேடா எடுத்தே?"

"காரைல."

"காரைல எங்கே?"

"ஓடையில, சித்தி."

"ஓடைக்குள்ள சும்மா கிடந்துச்சா, கரையில மண்ணுக்குள்ள பதிஞ்சிருந்துச்சா? பக்கத்துல இதே மாதிரி வேற இருந்துச்சா?"

அவன் முகம் வாடிவிட்டது. முட்டையா இல்லையா என்று ஒரு வார்த்தையில் சொல்லாமல் இவள் எதற்கு விசாரணை நடத்துகிறாள் என்று நினைத்திருப்பான். அந்தப் பதிலைக் கல்லின் உருவத்திலிருந்து எடுக்கவே முடியாது என்பதை அன்றிரவே அவனுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. நம் கண் ஏற்கெனவே தெரிந்த உருவங்களைத்தான் தேடும். உருண்டையாக இருந்தால் முட்டை, கூராக இருந்தால் பல், பாளம் பாளமாக வெடித்திருந்தால் ஆமை ஓடு. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் மாங்கனீசு ஆக்சைடு கிளை கிளையாகப் படிவதுண்டு. அதைப் பார்ப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெரணி இலை என்று அடித்துச் சொல்வார்கள். அது செடியே அல்ல, நீரில் கரைந்து வந்த தாது விரிசல் வழியே பரவிய தடம்.

காரை எப்படிப்பட்ட இடம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து சென்னை போகும் சாலையில் பாடாலூர் வந்ததும் திரும்பி, ஊட்டத்தூர் வழியாகப் போகலாம். வயலும் வேலிக்கருவையுமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிலம் திடீரென்று பிளந்துகொள்ளும். செம்மஞ்சள் களிமண் மேடுகள், மழை அறுத்த நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள், புல்கூட முளைக்காத சரிவுகள். வெயில் ஏறியதும் தரை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் போலப் பளபளக்கும். சின்ன வயதில் அதைக் காக்காப்பொன் என்று நினைத்துப் பை நிறையக் கொண்டுவந்திருக்கிறேன். உண்மையில் அது ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும். காக்காப்பொன் தகட்டை வளைத்து விட்டால் திரும்ப நிமிர்ந்துகொள்ளும், ஜிப்சம் தகடு வளைந்தது வளைந்தபடியே நிற்கும்.

அந்தக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் படிந்த சேறு. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்தில் சேகரித்த கிளிஞ்சல்களையும், சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட்டு என்ற கடலுயிர்களின் படிவங்களையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். அப்புறம் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1862இல் இந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்களின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் உலகத்தில் எங்கிருந்தாலும், கிரெட்டேசியக் காலம் என்கிற அந்தப் பழங்காலத்துக் கடலைப் பற்றிப் படிக்கிறவர்கள் ஊட்டத்தூர் என்ற பெயரைத் தாண்டிப் போவது அரிது. பேருந்து நின்று போகிற ஒரு சின்ன ஊர்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, முட்டைக்கு வருவோம். காரை மண் கடலடி மண். டைனோசர் தரையில் முட்டையிடும் விலங்கு. கடலடிச் சேற்றில் டைனோசர் முட்டை கிடைக்க வேண்டுமென்றால், அது எங்கிருந்தோ உடையாமல் மிதந்து வந்திருக்க வேண்டும். மரம் அப்படி வரும். கொஞ்ச தூரத்தில் சாத்தனூரில் இருக்கும் கல்மரம் அப்படிக் கடலுக்கு வந்து புதைந்ததுதான். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் உலகுக்குத் தெரியப்படுத்திய அந்த மரம் 18 மீட்டர் நீளம். ஆனால் முட்டை மரம் அல்ல.

இந்தியாவில் டைனோசர் முட்டைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நர்மதைப் பள்ளத்தாக்கில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் ஆய்வாளர்கள் 2023இல் பதிவு செய்தார்கள். அவற்றின் குறுக்களவு 15 முதல் 17 சென்டிமீட்டர். அங்கே பாறையே வேறு, ஆறும் சதுப்பும் இருந்த தரையில் படிந்தது. அதே மாவட்டத்தில் பாட்லியா என்ற ஊரில், வயலில் கிடைத்த உருண்டைக் கற்களை ககர் பைரவ் என்று பெயரிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். பிறகு வந்து பார்த்த நிபுணர்கள் அவற்றை டைனோசர் முட்டைகள் என்று அடையாளம் சொன்னார்கள்.

நம் பக்கத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, பார்க்கக் கூட்டம் கூடியது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அது அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு என்றார்கள். ஏமாந்துபோனதாகப் பலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த உருண்டைகள் உண்டான விதம் முட்டையைவிடப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

கடலடியில் ஒரு உயிர் செத்து விழுகிறது. சேறு மூடுகிறது. உடல் அழுகும்போது அதைச் சுற்றியுள்ள சேற்று நீரின் வேதியியல் மாறுகிறது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அந்த இடத்தில் மட்டும் படிய ஆரம்பிக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே பசை போல ஊறி, உள்ளிருந்து வெளியே உருண்டையாக வளர்கிறது. சுற்றிலும் சேறு இன்னும் கொழகொழவென்று இருக்கும்போதே நடுவில் ஒரு கெட்டிக் கல் தயாராகிவிடும். பின்னால் மேலே பாரம் ஏற ஏறச் சேறு அமுங்கும், உருண்டை அமுங்காது. அதனால் மண் அடுக்குகள் உருண்டையைச் சுற்றி வளைந்து போகும், தலையணையில் தலை பதிந்த மாதிரி. பல கோடி ஆண்டுகள் கழித்துக் களிமண்ணை மழை கரைத்துக்கொண்டு போனதும் உருண்டைகள் மட்டும் வெளியே வந்து கிடக்கும், யாரோ இட்டுவிட்டுப் போனது போல.

பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். "இருந்தாலும் முட்டையா இருக்கலாம்ல?" என்றான். இருக்கலாம்தான். அப்படியானால் சோதித்துப் பார்க்கலாம் என்று இருவரும் சமையலறைக்குப் போனோம்.

எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும், கல்லின் அடர்த்தியைக் கண்டுபிடித்துவிடலாம். வெறும் கல்லை முதலில் நிறுத்தோம், 412 கிராம். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினோம். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக்கினான். தராசு 158 காட்டியது. அந்த எண்தான் கல்லின் பருமன், கன சென்டிமீட்டரில். 412ஐ 158ஆல் வகுத்தால் சுமார் 2.6. வெங்கச்சங்கல்லுக்கு 2.65, சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டுக்கு 2.71. ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவாக இருந்தால் 5ஐத் தாண்டும். ஆக, இது அப்படிக் கனமான இரும்புத் தாது உருண்டை இல்லை என்பது உறுதி. முட்டை இல்லை என்று அடர்த்தி சொல்லாது, ஏனென்றால் கல்லாகிப்போன முட்டைக்குள்ளும் இதே மண்ணும் சுண்ணாம்பும்தான் நிறைந்திருக்கும்.

அடிப்பக்கத்தில் கத்தியால் கொஞ்சம் சுரண்டி, பொடியில் வினிகர் விட்டோம். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. சுண்ணாம்பு இருக்கிறது. அவன் துள்ளினான், முட்டை ஓடும் சுண்ணாம்புதானே என்றான். நல்ல யோசனை. அதனால்தான் லென்சை எடுத்தேன். டைனோசர் முட்டை ஓடு பெரும்பாலும் ஓரிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் தனி அடுக்காகத் தெரியும், உள்ளே இருப்பதற்கும் அதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். மேற்பரப்பில் குஞ்சு மூச்சுவிடும் துளைகளும் புடைப்புகளும் இருக்கும். ஒரு விரிசலின் ஓரத்தில் பத்து நிமிடம் தேடினான். மேலே இருந்த அதே மண் நிறம்தான் உள்ளேயும் போயிற்று. ஓடு என்று எதுவும் பிரியவில்லை.

"உடைச்சுப் பாத்திடலாமா?"

வேண்டாம் என்றேன். உடைத்தால் ஒரு தடவைதான் பார்க்கலாம். அது கிடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இந்த இடத்தில் என் அப்பாவின் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா 1986 வாக்கில் வேலை விஷயமாக ஈரோடு பக்கம் இருந்தார். நொய்யல் கரையை ஒட்டிய ஒரு காட்டில் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. விண்கல் என்று நம்பி, பீரோவில் துணிகளுக்கு நடுவே 30 வருடம் வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். காந்தம் ஒட்டும், அதுவும் காட்டுவார்.

நான் அதைச் சோதித்தது 2015இல். அடர்த்தி 3.4 வந்தது. சாதாரணக் கல் விண்கற்களின் அடர்த்தியும் அந்த அளவுதான், எனவே அது ஒன்றும் முடிவு சொல்லவில்லை. காந்தமும் சொல்லவில்லை, இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சுகிற கசடிலும் இரும்பு இருக்கும். சொன்னவை குமிழிகள். ஒரு பக்கம் முழுக்க ஊசிமுனை முதல் மிளகு அளவு வரை காற்றுக் குழிகள், மறுபக்கம் வெல்லப்பாகு வழிந்து ஆறியது போல மடிப்புகள். விண்கல்லில் இப்படிக் காற்றுக்குமிழி இருப்பது மிக மிக அரிது. ஓரிடத்தில் கரித்துண்டு பதிந்த அச்சுக்கூடத் தெரிந்தது. அது இரும்புக் கிட்டம். சித்த வைத்தியர்கள் மண்டூரம் என்று மருந்துக்கு எடுப்பார்களே, அதே பழைய உலைக் கசடு.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் மருகினேன். கடைசியில் சொன்னேன். கூடவே அந்த இடத்தையும் சொன்னேன். நொய்யல் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் அங்கே கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர் அதுதான் என்பார்கள். அப்பா கல்லைக் கையில் வாங்கி அந்த மடிப்புகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்பன்னா இதை ஒருத்தன் உக்காந்து காய்ச்சிருக்கான்ல," என்றார்.

எந்தக் காலத்து உலை என்று கசடைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்தத் தொழில் நெடுங்காலம் நடந்தது. ஆனால் அப்பா இடத்தை மறக்காமல் சொன்னதால் அவ்வளவு தூரமாவது போக முடிந்தது. அதன்பின் அவர் காந்தத்தைக் காட்டவில்லை. குமிழிகளைக் காட்டினார். இப்போது அப்பா இல்லை, கல் என்னிடம் இருக்கிறது.

இடம் தெரிந்தும் பொருளையே இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. கல்லமேட்டில், கடல் விலகியபின் ஆறு கொண்டுவந்து போட்ட சுமார் 7 கோடி ஆண்டுப் படிவுகளில், மாபெரும் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 1980களின் பிற்பகுதியில் அதற்கு ப்ருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள், பேருடல் கொண்டது என்று பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் அதை ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். பிறகு வந்தவர்கள், இல்லை, நீண்ட கழுத்துடைய தழையுண்ணி என்றார்கள். நிலத்தில் நடந்த விலங்குகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கக்கூடும். ஆனால் திரும்ப எடுத்துப் பார்க்க எலும்பு இல்லை. மழையில் ஊறி உப்பும் களிமண்ணில் கிடந்த அந்த எலும்புகள் பொடிந்து உதிர்ந்துவிட்டன. அது எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022இல்தான் அந்தப் பழைய களப் புகைப்படங்கள் வெளியாயின. ஒரு மழைக்காலம் தாங்கியிருந்தால், ஒரு துண்டு மிஞ்சியிருந்தால், லென்சை வைத்துப் பார்த்தே எலும்பா மரமா என்று சொல்லியிருக்கலாம். இதை நினைத்து நான் உண்மையிலேயே வருந்துகிறேன்.

மறுநாள் காலை 6.30க்கே காரைக்குப் போய்விட்டோம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அவன் முன்னே ஓடி, கல் எடுத்த ஓடையைக் கண்டுபிடித்தான். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் குனிந்து எதையோ எடுத்தான். சுண்டுவிரல் நீளம், தேன் நிறம், ஒரு முனை கூர்.

"தோட்டாவா சித்தி?"

பெலம்னைட்டு. காரையில் இது தாராளமாகக் கிடைக்கும். ஐரோப்பாவில் இடி விழுந்த இடத்தில் இறங்குவது என்று இதை நம்பினார்கள். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கடலுயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி இது. உடைந்த குறுக்குவெட்டைப் பார்க்கச் சொன்னேன். எலுமிச்சையைக் குறுக்கே நறுக்கினால் நடுவிலிருந்து கோடுகள் விரியுமே, அப்படியே கால்சைட்டு ஊசிகள் விரிந்திருந்தன. எந்தத் தோட்டாவும் அப்படி வளராது.

அவனுடைய கல் கிடந்த இடத்துக்கு இரண்டடி மேலே, ஓடைச் சுவரில், பதில் இருந்தது. ஒரே மட்டத்தில் வரிசையாக ஆறேழு உருண்டைகள் பாதி புதைந்து நின்றன. ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று தேங்காய் அளவு, ஒன்று இரண்டு உருண்டை ஒட்டிப் பிறந்த மாதிரி. ஒரே தாய் இட்டவை இவ்வளவு வேறுபட்ட அளவில் இருக்காது. மண் அடுக்குகள் ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து போயின. நான் சொல்வதற்கு முன் அவனே விரலை வைத்து அந்த வளைவைத் தொடர்ந்தான்.

அடியில் ஒன்று தானாகவே இரண்டாகப் பிளந்து விழுந்திருந்தது. சாம்பல் நிற உள்பக்கத்தின் நடுவில், ஐந்து ரூபாய்க் காசு அளவில், வரிவரியாக ஒரு சுருள்.

"சித்தி, இது அம்மாச்சி பூஜைப் பெட்டில இருக்கிற சாளக்கிராமம் மாதிரி இருக்கு."

மாதிரி என்ன, அதேதான். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் வருகிற சாளக்கிராமமும் கடலடிச் சேற்றில் ஒரு அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கறுப்பு உருண்டை. இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலின் சேறு. சக்கரம் என்று அம்மா சந்தனம் வைக்கிற அந்தச் சுருள், இந்த ஓடையில் கிடக்கும் சுருளுக்கு உறவு. அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிளந்த கல்லை எடுக்கவும் இல்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு பாதிகளையும் சேர்த்து அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டான். தன் கல்லின் அடியில் வெள்ளை பெயின்ட்டால் 1 என்று எழுதினான். நோட்டில் 1 என்று போட்டு, காரை, ஓடையின் இடது சுவர், உருண்டைகள் வரிசையாக இருக்கும் மட்டத்திலிருந்து இரண்டடி கீழே, 412 கிராம் என்று எழுதினான். அப்புறம் என் அலமாரியைத் திறந்து, நான் பள்ளியில் படிக்கும்போது சேர்த்த பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தான். நாற்பது கல் இருக்கும். ஒன்றில்கூட எண் இல்லை. அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதிலிருந்து ஒன்றை எடுத்தான். அரைவட்டமாக, விரல் தடிமனில், வரிவரியாக ஒரு துண்டு. பெரிய அம்மோனைட்டின் ஒரு பகுதி என்பதுவரை எனக்குத் தெரியும்.

"இது எங்க எடுத்தீங்க சித்தி?"

எனக்கு நினைவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த அம்மா, அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இதா? உங்க பெரிய தாத்தா குன்னத்துல கிணறு வெட்டினப்ப வந்தது. நாப்பதடிக்குக் கீழ. உங்க சித்தி ஆள்கிட்ட அழுது வாங்கிட்டு வந்தா."

அவன் பேனாவை எடுத்து எழுதினான்: 2. குன்னம். கிணறு. 40 அடிக்குக் கீழே. அம்மாச்சி சொன்னது.